முகம் மகளுடையது

அந்த ஓபரா குழுவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. வெண்கலக் குரல் என்று யாரோ எப்போதோ ஆரம்பித்து, நாளடைவில் குரல் உதிர்ந்து, வெண்கலம் மட்டும் ஒட்டிக்கொண்டது. வயதில் சின்னவர்களுக்கு வெண்கலக்கா. எழுநூறு இருக்கைகள் உள்ள அரங்கில் மைக் இல்லாமல் கடைசி வரிசைவரை கேட்கப் பாட வேண்டிய தொழில் அது. அதற்கென்று ஓர் உடம்பு வேண்டும். அகலமான விலா, பலமான முதுகு, தடித்த கழுத்து. அவளுக்கு அது இருந்தது. வயது நாற்பத்தேழு.

அவளுக்கென்றே அமைந்த ஓபரா ஒன்று உண்டு. ‘பாலக்காவலன் மனைவி’. பழைய சோகக் கதை. ஆற்றின் மேல் தூக்கி இறக்குகிற பாலம். அதைக் காவல் காக்கிறவன் ஒருவன். மனைவிமேல் உயிராக இருந்து, அந்த உயிரே சந்தேகமாகத் திரும்பிவிட்ட மனிதன். வெள்ளம் வருகிற நாளில் அக்கரையில் ஒருவன் நின்றுகொண்டு பாலத்தை இறக்கச் சொல்லிக் கத்துகிறான். மனைவியைத் தேடி வந்த காதலன் என்று நினைத்துக் காவலன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். தண்ணீர் அடித்துக்கொண்டு போன பிறகுதான் தெரிகிறது, போனவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி என்று. கடைசியில் அவள் ஒன்பது நிமிடம் தனியாகப் பாடிவிட்டு ஆற்றில் இறங்குகிறாள்.

வெண்கலம் இருபது வருடத்தில் நூற்று அறுபது தடவைக்கு மேல் அந்த ஆற்றில் இறங்கியிருக்கிறாள். ஒரு தடவை மேடைக்குக் கீழே போட்டிருந்த மெத்தை நகர்ந்துபோய் முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள். முட்டி வீங்கிய நிலையிலும் திரை விலகியதும் எழுந்து வந்து வணக்கம் வைத்தாள்.

கடைசி இரண்டு வருடமாக அரங்கில் பாதி இருக்கைகள் காலி. குழு ஒரு புது இயக்குநரைக் கொண்டுவந்தது. முப்பத்தொரு வயது. கண்ணாடியை எப்போதும் நெற்றிக்கு மேலே ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடுகிற ஆள். வந்த மூன்றாம் நாளே பெயர் விழுந்துவிட்டது: கண்ணாடி.

“மேடையில ஒன்பது தடவை போடுவோம். ஒரு எழுத்து மாத்த வேண்டாம்,” என்றான் கண்ணாடி. “கூடவே, இதே இசையை வச்சு ஃபோன்ல பாக்குற மாதிரி பன்னிரண்டு பகுதி எடுப்போம். பத்துப் பத்து நிமிஷம். கதை இன்னிக்கு நடக்குது. ஆறு கிடையாது, பாலம் கிடையாது.”

“பாலம் இல்லாம பாலக்காவலனா?” என்று கேட்டாள் வெண்கலம்.

“அவன் பொண்டாட்டி ஃபோன்ல ஒரு நம்பரை பிளாக் பண்ணிடறான்க்கா. அவ்வளவுதான். தம்பி எங்கேயோ ஆபத்துல மாட்டிக்கிட்டுத் திரும்பத் திரும்பக் கூப்பிடறான். இங்க மணியே அடிக்கல.”

ஒத்திகைக் கூடத்தில் ஒருவர் தன் ஃபோனை எடுத்துப் பார்த்துக்கொண்டார். வெண்கலத்துக்கே முதுகில் சிலிர்த்தது. பிடிக்காத ஆளுக்கு நல்ல யோசனை வருவதைப் போல எரிச்சல் வேறு இல்லை.

“பாடறது நீங்கதான்க்கா. அந்தக் குரலை யாரும் தொட முடியாது,” என்றவன், நெற்றியில் இருந்த கண்ணாடியை இறக்கித் துடைத்தான். “முகம் மட்டும்... ஃபோன்ல முகம்தானே மேடை. கதையில அவளுக்கு இருபத்தஞ்சு வயசு.”

மேடையில் பத்தாவது வரிசைக்கு அப்பால் யாருக்கும் யாருடைய வயதும் தெரியாது. அந்தத் தூரத்தை நம்பித்தான் வெண்கலம் இத்தனை காலம் ஓட்டியிருக்கிறாள்.

பாட்டுகளை முதலில் பதிவு செய்தார்கள். அதற்கு வாயசைக்கப் பெண் தேடினார்கள். பதினைந்து பேர் வந்தார்கள். அழகுக்குக் குறைவில்லை. ஆனால் ஓபராவுக்கு வாயசைப்பது உதட்டு வேலை இல்லை. தாடை இறங்க வேண்டும், தொண்டை ஏற வேண்டும், மூச்சு எடுக்கிற இடத்தில் விலா விரிய வேண்டும். வந்தவர்கள் எல்லாம் பபிள்கம் மெல்வதுபோல இருந்தார்கள்.

பதினாறாவதாக யாரையும் கூப்பிடவில்லை. வீட்டுச் சாவியை மறந்துவிட்டு வேலைக்குப் போயிருந்த வெண்கலத்தின் மகள், அதை அம்மாவிடம் வாங்கிப் போக வந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில், வில்லையைச் சட்டத்தின் அளவுக்கு விளிம்பு தேய்த்துப் பொருத்துகிற வேலை அவளுக்கு. இருபத்து நான்கு வயது. மேல்சட்டையில் வெள்ளைத் தூள். கூடத்தில் கடைசிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் சாய்ந்து நின்றவளின் வாய் அவளுக்கே தெரியாமல் அசைந்தது. நான்கு வயதிலிருந்து பியானோவுக்குக் கீழே உட்கார்ந்து அம்மாவின் வாயைப் பார்த்து வளர்ந்தவள். அம்மா எங்கே மூச்சு விடுவாள், எங்கே நாக்கை ஒதுக்குவாள், எந்த வார்த்தைக்குப் புருவம் ஏறும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. பாட மட்டும் வராது. பேசும்போதே கட்டிய தொண்டை.

கண்ணாடி திரும்பிப் பார்த்தான். பார்த்தபடியே நின்றான்.

“இது யாரு?”

“என் பொண்ணு,” என்றாள் வெண்கலம். அப்போது அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நாம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பெருமை இரண்டு வாரம் இருந்தது.

முதல் பகுதி வெளியான மறுநாள் மகளின் மூக்குக்கண்ணாடிக் கடையில் கூட்டம். பார்வை நன்றாக இருக்கிறவர்கள்கூட வந்து கண்ணைச் சோதித்துக்கொண்டார்கள். மூன்றாவது பகுதிக்குப் பிறகு கடை முதலாளி அவளைப் பின்னறையில் தேய்க்க விடாமல் முன்னால் உட்கார வைத்தார். வீட்டில் அவள் அப்பாவின் பாடு கேட்கவே வேண்டாம். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். குழந்தைகளை ஏற்ற வருகிற தாய்மார்களிடம் ஃபோனை நீட்டி, “நம்ம பொண்ணு,” என்பார். வேன் தினமும் பத்து நிமிடம் தாமதம்.

“அதுல பாடறது யாருன்னு சொன்னீங்களா?” என்று ஒருநாள் கேட்டாள் வெண்கலம்.

“அது நீதானே. அதைத் தனியா வேற சொல்லணுமா?”

மனிதர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அவளுக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அதைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும். யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் அவள் பெயர் வந்தது. எறும்பு ஊர்கிற அளவில், எறும்பு ஓடுகிற வேகத்தில். காய்கறிக் கடைக்காரம்மா, “உங்க பொண்ணு என்னமா பாடறா, உங்க ஜாடை இருக்கு,” என்றாள். ‘அவ பாடல, நான்தான்’ என்று சொல்ல வாய் வந்தது. பையை வாங்கிக்கொண்டு நடந்தாள். பெற்ற மகளிடமிருந்து பேரைப் பிடுங்கிக்கொள்கிற தாய் என்று அந்தம்மா நினைத்துவிட்டால்?

வீட்டில் மகள் நிலைக்கண்ணாடி முன்னால் நின்றால் பொறுக்கவில்லை. சாப்பிடும்போது அவள் தாடை அசைவதைப் பார்த்தால் பொறுக்கவில்லை. அது தன் தாடை. தன்னிடமிருந்து போனது. தலைவலி என்று சொல்லித் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். மகள் மாத்திரை கொண்டுவந்து தருவாள். அதுவும் பொறுக்கவில்லை.

மேடைக் காட்சிகள் தொடங்கின. ஃபோனில் பார்த்தவர்கள் நேரில் பார்க்க வந்தார்கள். எழுநூறு இருக்கையும் நிறைந்தது. நான்காவது காட்சி பிற்பகலில். வெண்கலம் அன்று பாடிய பாட்டுக்கு மக்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒப்பனை கலைத்து, சாதாரணச் சேலையில் பின்வாசல் வழியாக வெளியே வந்தபோது அங்கே நாற்பது பேர் காத்திருந்தார்கள். அவள் முகத்தைச் சரிசெய்துகொண்டாள். அவர்கள் அவளைத் தாண்டிப் பார்த்தார்கள். அம்மாவைக் கூட்டிப்போக வந்திருந்த மகள் படியோரம் நின்றிருந்தாள். கூட்டம் அங்கே பாய்ந்தது.

ஒரு பெண் திரும்பி வந்து வெண்கலத்தின் கையில் ஃபோனைக் கொடுத்தாள். “ஆன்ட்டி, எங்க ரெண்டு பேரையும் சேத்து ஒரு ஃபோட்டோ எடுத்துத் தர்றீங்களா?”

“அய்யோ, அவங்கதான்...” என்று மகள் ஆரம்பித்தாள்.

“நில்லு, அசையாதே,” என்றாள் வெண்கலம். படம் எடுத்துக் கொடுத்தாள். நன்றாகவே வந்திருந்தது.

மறுநாள் காலை நேராக ஒலிப்பதிவு அறைக்குப் போனாள். பன்னிரண்டாவது பகுதி மட்டும்தான் எடுக்கப் பாக்கி. கடைசிப் பாட்டின் பகுதி. ஒலிக்காரர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினார்.

“கடைசிப் பாட்டை இன்னொரு தடவை பாடிக் கொடுத்துடறேன்,” என்றாள்.

“பழசு நல்லாத்தானே இருக்கு?”

“இன்னும் நல்லா வரும்.”

அவர் அவளை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அந்தப் பாட்டில் அவள் மூச்சு எடுக்கிற இடங்கள் இருபது வருடமாக மாறாதவை. மகள் மனப்பாடமாக வைத்திருப்பதும் அவற்றைத்தான். வெண்கலம் அவற்றை எல்லாம் கலைத்தாள். எடுக்க வேண்டிய இடத்தில் எடுக்காமல் இழுத்தாள். யாரும் எதிர்பாராத இடத்தில், வார்த்தையின் இடுக்கில் சத்தமில்லாமல் திருடினாள். ஒரு அடியை நீட்டினாள், அடுத்ததைச் சுருக்கினாள். வாயசைக்கிறவள் எங்கே பிடித்தாலும் வழுக்க வேண்டும். அதுதான் அவள் எண்ணம். ஆனால் பாடி முடித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அவளுக்குத் தெரிந்துவிட்டது: ஆயுசிலேயே இவ்வளவு நன்றாகப் பாடியதில்லை. பொறாமைக்கு இத்தனை மூச்சு இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

புதுப் பதிவு மகளுக்குப் போனது படப்பிடிப்புக்கு முந்தைய நாள்தான். அதையும் வெண்கலம் கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

படப்பிடிப்பு ஒரு வாடகை வீட்டுச் சமையலறையில். கணவன் எதுவும் தெரியாதவன்போலக் குளிக்கப் போயிருக்கிறான், அவள் ஃபோனில் ஏதோ தேடும்போது தம்பியின் எண் பிளாக் செய்யப்பட்டிருப்பதைப் பார்க்கிறாள், நாற்பத்தோரு அழைப்புகள். மேசைமேல் ஃபோனை வைத்துவிட்டுப் பாடுகிறாள். பாடி முடித்துச் செருப்பு போடாமல் வெளியே போகிறாள். அவ்வளவுதான் காட்சி.

வெண்கலம் கையில் டீயோடு குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். மகளுக்குத் துணையாக வந்ததாகச் சொல்லியிருந்தாள்.

முதல் டேக்கில் மகள் மூன்றாவது அடியில் தவறினாள். இரண்டாவதில் இரண்டாவது அடியில். வாய் மூடியிருக்கும்போது குரல் வந்தது. குரல் நின்ற பிறகு வாய் திறந்திருந்தது. ஆறாவது டேக்கில் கேமராக்காரர் பெருமூச்சு விட்டார். ஒன்பதாவதில் மகளின் மேலுதடு வியர்த்து, ஒப்பனைக்காரி ஒற்றியெடுத்தாள். பதினோராவது டேக்கும் போனது.

“வீட்டுல பாத்துட்டு வரவே இல்லையா?” என்றான் கண்ணாடி. அவன் குரல் உயரவில்லை. ஆனால் இருபது பேர் காதில் விழுந்தது.

வெண்கலத்துக்கு இனித்தது. ஒரு மிடறு நேரம் இனித்தது. பிறகு விளக்குக்கு அடியிலிருந்து மகள் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். கோபமாக இல்லை. வில்லையை வெளிச்சத்தில் பிடித்துக் கீறல் எங்கே என்று தேடுகிறவளின் பார்வை. வெண்கலம் டீக்குள் பார்த்தாள்.

“சார்,” என்றாள் மகள். “நான் வாயைத் திறக்கலைன்னா என்ன ஆகும்?”

“திறக்காமலா? அப்புறம் பாட்டு?”

“பாட்டு ஓடட்டும். நான் சும்மா உக்காந்திருக்கேன். ஒரே ஒரு தடவை.”

கண்ணாடி நெற்றியைத் தடவினான். “ஒரு தடவை.”

பாட்டு ஓடியது. மகள் நாற்காலியில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, வாயை மூடிக் கேட்டாள். நடிப்பதாகவே தெரியவில்லை. அந்தக் குரல் ஏறியபோது அவள் கழுத்து நரம்பு ஏறியது. மூச்சு வர வேண்டிய இடத்தில் வராதபோது அவள் கண் தவித்தது. எதிர்பாராத இடத்தில் வந்தபோது இமை நடுங்கியது. கடைசி அடியில் கண் நிறைந்தது, வழியவில்லை. எழுந்தாள். வெறுங்காலோடு வாசலைத் தாண்டிப் போனாள். கதவு திறந்தபடி கிடந்தது.

‘கட்’ என்று சொல்லக் கண்ணாடிக்கு நினைவில்லை.

கேமராவோடு இணைத்திருந்த குட்டித் திரையில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த வெண்கலத்தின் கையில் டீ ஆறிப்போயிருந்தது. இருபது வருடமாக இருட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு முன்னால் பாடியவள். தன் குரலைக் கேட்கிற முகம் எப்படி இருக்கும் என்று அவள் கிட்டத்தில் பார்த்தது அன்றுதான். அதற்கு மேல் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு அப்பாவின் வேனில் போனார்கள். மகள் முன்னால் உட்காராமல் அம்மாவோடு பின்னால் உட்கார்ந்தாள்.

“பதினாலு இடம்,” என்றாள்.

“என்ன பதினாலு?”

“மாத்தினது. நான் எண்ணினேன்.”

“நல்லா வரணும்னுதான்...”

“நல்லாத்தான் வந்திருக்கு. அவ்வளவு நல்லா பாடியிருக்கே. அதுதாம்மா தாங்கல. மோசமா பாடியிருந்தா சண்டையாவது போடுவேன்.”

அப்பா வழக்கத்துக்கு மாறாக ரேடியோவைப் போடாமல் ஓட்டினார். அதன்பிறகு பதினோரு நாள் மகள் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபித்துக்கொண்டு பட்டினி கிடக்கவில்லை, கதவை அறையவில்லை. சாப்பிட்டாள், தட்டைக் கழுவினாள், வேலைக்குப் போனாள். வீட்டில் வாடகைக்கு இருக்கிறவர்போல.

ஒருநாள் வெண்கலம் கண்ணாடியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். வேண்டுமென்றே செய்தேன் என்று வாயால் சொன்னாள். பழைய பதிவை வைத்து மறுபடி எடுக்கும்படி கேட்டாள்.

“தெரியும்க்கா,” என்றான் அவன். “ஒலிக்காரர் அன்னிக்கே சொல்லிட்டாரு.”

“தெரிஞ்சுமா அதைக் கொடுத்தீங்க?”

“பாட்டு அப்படி இருந்துச்சே. என்ன செய்யச் சொல்றீங்க?” அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “எல்லார் முன்னாலயும் உங்க பொண்ணை அப்படிக் கேட்டது நான்தான். அதுக்கு நான் மன்னிப்பு கேட்டுட்டேன். நீங்க கேட்டாச்சா?”

அவள் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை என்பது நிஜம்.

பன்னிரண்டாவது பகுதி வெளியானது. வாயே அசையவில்லை, அப்படியானால் பாடுகிறது யார் என்று ஊரே கேட்டது. வெண்கலத்தின் பெயர் வெளியே வந்தது. பத்திரிகையிலிருந்து வந்தார்கள். படம் எடுத்தார்கள். கடைசி மேடைக் காட்சி முடிந்து பின்வாசலுக்கு வந்தபோது நூறு பேர் நின்றார்கள், அவளுக்காகவே. கையைப் பிடித்து அழுத ஒரு வயதான ஆசிரியர், “இத்தனை நாள் எங்கம்மா இருந்தீங்க?” என்று கேட்டார். இங்கேதான் இருந்தேன் என்றாள். இத்தனை வருடம் ஏங்கியது கையில் வந்து விழுந்திருந்தது. அவள் கண் கூட்டத்துக்கு மேலே படியோரத்தைத் தேடியது. அங்கே ஒரு சைக்கிள் மட்டும் நின்றது. அன்று மகள் வரவில்லை.

மறுநாள் மதியம் மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். தண்ணீரைக் குடித்துவிட்டு, மகள் மேசையைப் பார்த்துப் பேசினாள்.

“அடுத்ததும் எடுக்கப் போறாங்க. வேற ஓபரா. என்னையே கேட்டிருக்காங்க.”

“நல்லதும்மா,” என்றார் அப்பா.

“பாடறது வேற ஆள். முப்பது வயசு. நாளையிலேர்ந்து தினமும் சாயங்காலம் ரெண்டு மணி நேரம் அவங்க பக்கத்துல உக்காந்து பாக்கணும். அவங்க வாய் எனக்குப் பழக்கமில்லையே.”

வெண்கலம் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டாள். எவளோ ஒருத்தி பாடுவாள். அவள் தாடையை, நாக்கை, விலாவை இவள் ஸ்டூலில் உட்கார்ந்து இமைக்காமல் பார்ப்பாள். அவள் எங்கே மூச்சு விடுகிறாள் என்று பாடம் பண்ணுவாள். பியானோவுக்குக் கீழே உட்கார்ந்திருந்த கண்கள். பொதுமக்கள் எழுநூறு பேர் எழுந்து போய் இன்னொருத்திக்குக் கைதட்டினாலும் இப்படி வயிறு எரியாது. புகழ் போனதாக நினைத்துப் புகைந்தது எல்லாம் வேறு எதற்கோ புகைந்தது என்று அப்போது தோன்றியது.

“எனக்குப் பொறாமையா இருக்கு,” என்றாள்.

அப்பா சாப்பிடுவதை நிறுத்தினார். மகள் முதல் தடவையாக நிமிர்ந்தாள்.

“யார் மேல?”

வெண்கலம் யோசித்தாள். பொய் சொல்ல நேரம் இருந்தது.

“ரெண்டு பேர் மேலயும். உன் மேல இப்பக் கொஞ்சம் குறைஞ்சிருக்கு.”

“எவ்வளவு?”

“பாதி இருக்கும்.”

மகளின் உதட்டோரம் லேசாக அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது.

“அன்னிக்கே இதைச் சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே?”

“தெரியல. கத்தியிருப்பேன். அழுதிருப்பேன்.” தட்டில் இருந்ததை ஒதுக்கினாள். “அத்தனை பேர் முன்னால பதினோரு டேக்மா. அது எனக்கு மறக்காது.”

“மறக்க வேண்டாம்,” என்றாள் வெண்கலம். பிறகு, “தப்பு பண்ணிட்டேன்டி,” என்றாள். நூற்று அறுபது தடவை மேடையில் ஒன்பது நிமிடம் பாடியவளுக்கு அந்த இரண்டு வார்த்தைக்குக் குரல் வரவில்லை. காற்றாகத்தான் வந்தது. பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டது.

மகள் சோற்றுப் பாத்திரத்தை இழுத்து, அம்மாவின் தட்டில் இன்னும் கொஞ்சம் வைத்தாள்.